ஏழு பேர்ச்சஸ் காணியில் காளைக்கன்றுக்கு இடமில்லை

2020 செப்டெம்பரில் அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, இலங்கையில் மாடு அறுப்பதைத் தடை செய்யும் யோசனையை முன்வைத்தார். முதலில் ஆளும் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலும் பின்னர் அமைச்சரவையிலும் அது வந்தது. அதே மாத இறுதியில் அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம், வேலைக்கு உதவாத வயதான மாடுகளுக்கு ஒரு திட்டம் வகுக்கலாம் என்பவையும் அந்த முடிவில் இருந்தன. 2021 ஒக்டோபரில் தொடர்புடைய சட்டங்களைத் திருத்தவும் அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. பின்னர் பொருளாதாரம் சரிந்தது, 2022 இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள், ராஜபக்ஷக்கள் பதவி விலகினார்கள். தடை சட்டமாகவில்லை.

அந்த நாட்களில் தமிழில் வந்த கருத்துகள் பலவற்றை வாசித்தேன். முஸ்லிம்களின் வாழ்வாதாரத்தை இலக்குவைக்கும் பேரினவாத முடிவு இது என்றார்கள் சிலர். சைவர்கள் வரவேற்க வேண்டிய முடிவு என்றார்கள் வேறு சிலர். முதலாவது வாதத்துடன் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் மடுவத்தின் வாசலில் நின்றுகொண்டுதான் பேசின. மாடு அங்கு வருவதற்கு முன்பு எங்கே நின்றது, யார் புல் போட்டார்கள், ஏன் விற்றார்கள் என்பது பேச்சில் இல்லை. குறிப்பாக, பால் மாடு வளர்க்கும் ஏழைக் குடும்பங்களில் பிறக்கும் காளைக்கன்றுகளுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

தடை பற்றிய பேச்சு இன்னொரு அரசாங்கத்தில் இன்னொரு வடிவில் திரும்பி வரக்கூடியது. அதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவைப்பது நல்லது என்று நினைக்கிறேன். அதை மலையகத்திலிருந்து, பூண்டுலோயாவிலிருந்து கேட்கிறேன்.

பாலுக்காக ஒரு கன்று

நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலைக்கும் கொத்மலைக்கும் இடைப்பட்ட தேயிலை மலைகளில் இருக்கிறது பூண்டுலோயா. டன்சினன், சீன் போன்ற பெரிய தோட்டங்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. லயன்களின் ஓரத்தில் தகரமும் பலகையும் கொண்டு கட்டிய மாட்டுக் கொட்டகைகளை இங்கு எங்கும் பார்க்கலாம். சேவைக்காலம் முடிந்து ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வரும்போது ஒரு பசு வாங்குவது தோட்டங்களில் பழைய வழக்கம். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்த பின்னரும் மாதக் கடைசியில் கடைக்காரருக்குக் கணக்குத் தீர்ப்பது பல வீடுகளில் பால் காசுதான். காலையில் பால் கானைத் தூக்கிக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு ஓடி, பிறகு பெரட்டுக்குப் போகும் பெண்களை நான் சிறுவயது முதலே பார்த்து வந்திருக்கிறேன்.

பசு பால் தர வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆண். கிடேரி பிறந்தால் வீட்டுக்கு ஒரு சொத்து. வடக்கில் இதை நாகு என்பார்கள். காளைக்கன்று பிறந்தால், அன்றிலிருந்தே கணக்கு வேறு.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு கன்றை ஒழுங்காக வளர்க்க நாளுக்குச் சுமார் 4 லீற்றர் பால் என்று வைத்தால், 8 வாரத்துக்கு 224 லீற்றர். அவ்வளவும் சேகரிப்பு நிலையத்துக்குப் போயிருக்க வேண்டிய பால். கிடேரிக்கு அதைக் கொடுப்பது முதலீடு. காளைக்குக் கொடுப்பதைத் திருப்பி எடுக்க ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை அதற்குப் புல் வேண்டும், நிற்க இடம் வேண்டும். 400 கிலோ நிறையுள்ள பசு ஒன்றுக்கே நாளொன்றுக்கு 40 கிலோ அளவில் பச்சைப்புல் தேவை. அந்தப் புல் பெரும்பாலும் தோட்டத்துக் கான் ஓரத்திலும் ரோட்டோரத்திலும் ஆற்றங்கரையிலும் அறுத்துத் தலையில் சுமந்து வருவது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல்லைக் கொஞ்சம் நட்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எனவே காளைக்கன்று சில கிழமைகளிலேயே வியாபாரியின் கைக்குப் போய்விடுகிறது. சில வீடுகளில் பசுவைப் பால் சுரக்க வைக்கும் அளவுக்கு மட்டும் கன்றைக் காட்டிவிட்டு இழுத்துக் கட்டுவார்கள். அரைவயிற்றில் நிற்கும் கன்று மழைக்காலத்தில் கழிச்சல் வந்தால் தாங்காது. சிறுத்தை பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. கோயிலுக்கு நேர்ந்து விடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோயிலுக்குப் போன கன்றுக்கும் யாரோ ஒருவர் புல் அறுக்க வேண்டும்.

இதைப் பற்றி டன்சினன் பக்கத்தில் மாடு வளர்க்கும் பலரிடம் கேட்டிருக்கிறேன். பசு எத்தனை லீற்றர் கறக்கிறது, எத்தனையாவது ஈற்று என்று எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொல்பவர்கள், போன வருடத்துக் காளைக்கன்றைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். கை மாத்தியாச்சு என்பார்கள். விற்றுவிட்டோம் என்ற சொல்லே வராது. அம்மா வயதுள்ள ஒருவர், வியாபாரி வரும் நாளில் தான் கொட்டகைப் பக்கம் போவதில்லை, மகனைத்தான் அனுப்புவதாகச் சொன்னார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் பூசும் குடும்பம் அது. இவர்களுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழியில்லை என்பதுதான் உண்மை.

காயடிப்பும் நலமடிப்பும்

காளைக்கன்றை வைத்திருந்து இறைச்சிக்காக வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். பால் பண்ணைக் கன்றுகளை அப்படி வளர்ப்பது பல நாடுகளில் ஒரு தனித்தொழில். பிரீசியன் கலப்புக் கன்று நல்ல நிறைக்கு வளரும். ஜேர்சி கலப்பு அவ்வளவு வராது. அப்படி வளர்க்கத் தொடங்கினால் சில மாதங்களுக்குள் எதிர்ப்படும் கேள்விதான் காயடிப்பு. வடக்கில் நலமடித்தல் என்றும் மலையகத்தில் காயடித்தல் என்றும் சொல்வது ஒரே வேலையைத்தான்.

காளைக்கன்று ஒன்பது, பத்து மாதத்தில் பருவத்துக்கு வரத் தொடங்கும். தாயும் தங்கையும் கட்டியிருக்கும் அதே கொட்டகையில் அது நின்றால், செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்குக் காத்திருக்கும் பசுவை அதுவே சினைப்படுத்திவிடும். இரத்த உறவில் பிறக்கும் கன்று நலிந்து போகும். அதோடு, பிள்ளைகள் ஓடி விளையாடும் லயன் வாசலில் முரட்டுக் காளையைக் கட்டிவைக்க முடியாது. காயடித்த மாடு சாதுவாக இருக்கும், கொழுப்புப் பிடிக்கும். காயடிக்காத காளை வேகமாக வளரும், இறைச்சியில் கொழுப்புக் குறைவாக இருக்கும். ஆகவே ஒரு வயதுக்குள் விற்பதென்றால் காயடிக்கத் தேவையே வராது. பசுக்களுடன் சேர்த்து நீண்டகாலம் வைத்திருப்பதென்றால் தவிர்க்க முடியாது.

செய்யும் முறை மூன்று. கத்தியால் விதைப்பையைத் திறந்து விதைகளை எடுப்பது ஒன்று. இறுக்கமான இறப்பர் வளையத்தைப் போட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விதைப்பையைத் தானாக வற்றி விழச் செய்வது இரண்டாவது. மூன்றாவது பேர்டிசோ என்ற பெரிய இடுக்கி. தோலைக் கிழிக்காமல், விதைக்குப் போகும் நாணை உள்ளேயே நசுக்கிவிடும். இரண்டு நாண்களையும் தனித்தனியாக, ஒரே மட்டத்தில் அல்லாமல் சற்று மேலும் கீழுமாக நசுக்க வேண்டும். இல்லாவிட்டால் பை முழுவதற்கும் இரத்தம் நின்று அழுகிவிடும். சரியாகப் பிடிபடாவிட்டால் மாடு காளையாகவே இருக்கும். எமது பாட்டன்மார் இரண்டு தடிகளைக் கிட்டி போட்டு நசுக்கியதும் இதே தத்துவம்தான்.

பேர்டிசோவில் இரத்தம் வருவதில்லை. அதனாலேயே அது வலிக்காத முறை என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. மூன்று முறைகளிலும் வலி உண்டு. உடலில் அழுத்தத்தைக் காட்டும் கோட்டிசோல் என்ற சுரப்பு நசுக்கியவுடன் ஏறுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. இறப்பர் வளையத்தில் வலி நாட்கணக்கில் நீடிக்கும், ஏற்பு வலி தொற்றும் ஆபத்தும் உண்டு. மாடு வலியை வெளியே காட்டாத பிராணி. கத்தாமல் நிற்கிறது என்பதால் வலியில்லை என்றாகாது. கால்களை அகட்டி விறைத்து நிற்பதும், படுக்கத் தயங்குவதும், தீனியில் நாட்டமில்லாமல் இருப்பதும்தான் அதன் மொழி.

இந்த வலியைப் பெருமளவு குறைக்க முடியும். பல் பிடுங்கும்போது எங்களுக்குப் போடும் ஊசியைப் போல லிக்னோகெயின் போட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பது ஒரு வழி. அதோடு மெலொக்சிகாம் போன்ற வலிநிவாரணியை ஊசியாகக் கொடுத்தால் பின்னர் வரும் வலியும் குறையும். வயதும் முக்கியம். கன்று எவ்வளவு இளையதோ அவ்வளவுக்குத் துன்பம் குறைவு. உலக விலங்கு சுகாதார அமைப்பின் வழிகாட்டி, முடிந்தவரை 3 மாத வயதுக்கு முன்பே இதைச் செய்யுமாறு சொல்கிறது. இலங்கையும் அந்த அமைப்பில் ஓர் உறுப்பு நாடு.

பூண்டுலோயாவில் இந்த அறிவுக்கு வேலையே இல்லாமல் இருக்கிறது. காயடிக்கும் வயது வரை கன்று இங்கே நிற்பதில்லை. கன்று காயடிப்பின் வலியிலிருந்து தப்பியது என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்பே பசியிலும், லொறிப் பயணத்திலும் அதன் துன்பம் முடிந்துவிடுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

மாடு தொடர்பாக இலங்கையில் சட்டத்துக்குக் குறைவில்லை. இறைச்சிக் கடைக்காரர்களுக்கான அனுமதிப்பத்திரத்தை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டுக்குரியது. மாடு அறுப்பதற்கான கட்டுப்பாடு, குறி சுடுதல், மாட்டின் உரிமைச் சீட்டு என்பவற்றைச் சொல்லும் விலங்குகள் சட்டம் 1958 இல் வந்தது. இவை மாடு யாருடையது, அதை யார் அறுக்கலாம், எங்கே அறுக்கலாம் என்று பார்க்கின்றன. 2021 இல் திருத்தப் புறப்பட்டதும் இவற்றைத்தான்.

விலங்கின் வலியைப் பற்றிய சட்டம் ஒன்றும் உண்டு. அது 1907 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் குறிப்பிடப்பட்ட தண்டப்பணம் 100 ரூபா. பிரித்தானியர் காலத்தில் அது பெரிய தொகை. இன்று அது மிகச் சிறிய தொகை. இதற்குப் பதிலாக விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006 இலேயே தயாரித்தது. 2010 இல் அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தார். 2016 இல் அமைச்சரவை வரைவுக்கு அங்கீகாரம் கொடுத்தது. இத்தனை வருட இழுபறிக்குள் மாடறுப்புத் தடைக்கு மட்டும் ஒரே மாதத்தில் அமைச்சரவை இணக்கம் கிடைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எந்த விலங்கின் பெயரால் அரசியல் இலாபம் வருமோ அதற்குத்தான் அவசரம்.

பிற நாடுகள் இதை வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. பிரித்தானியாவில் 1954 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, உணர்வு மரக்கச் செய்யாமல் இறப்பர் வளையம் போடுவது கன்று பிறந்த முதல் ஒரு கிழமைக்குள் மட்டுமே முடியும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கன்றென்றால் மரப்பூசி இல்லாமல் காயடிக்க முடியாது. நியூசிலாந்தில் 2018 ஆம் ஆண்டு விதிகள், 6 மாதத்துக்கு மேற்பட்ட மாட்டுக்கு வலிநிவாரணி கட்டாயம் என்கின்றன.

நியூசிலாந்தைப் புகழ இதைச் சொல்லவில்லை. எமது கடைகளில் விற்கும் பால்மாவில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது. அந்தப் பாலுக்காகப் பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழ 20 இலட்சம், பிறந்த சில நாட்களிலேயே ஆண்டுதோறும் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போகின்றன. யாழ்ப்பாணத்தில் தேநீரில் கலக்கும் பால்மாவுக்குப் பின்னாலும் ஒரு காளைக்கன்று நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்துப் பெண்ணின் கொட்டகையைப் பற்றி நாம் பேச வேண்டும்.

தடை வந்தால் யாருக்குச் சுமை?

தடை வந்தால் இந்தக் கன்றுகள் பிழைக்கும் என்று நம்புபவர்கள் இந்தியாவின் கணக்கைப் பார்க்கலாம். அங்கு பல மாநிலங்களில் பசுவதைச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. மகாராஷ்டிராவில் 2015 முதல் காளையையும் எருதையும் அறுப்பதும் தடை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் சுமார் 6 கோடி 79 இலட்சமாக இருந்த ஆண் மாடுகள், 2019 இல் சுமார் 4 கோடி 74 இலட்சமாகக் குறைந்தன. அதே காலத்தில் பசுக்களின் தொகை 12 கோடி 30 இலட்சத்திலிருந்து 14 கோடி 51 இலட்சமாகக் கூடியது. கன்றுகள் பாதிக்குப் பாதி பிறக்கும் நாட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன. உழவுக்கு ட்ரக்டர் வந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம். பெண் கன்று மட்டும் பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்தும் வந்திருக்கிறது. ஆனால் அதன் பரவல் இந்த வித்தியாசத்தை விளக்கும் அளவுக்குப் போதாது. சட்டம் காப்பாற்றுவதாகச் சொன்ன காளைகள் வேறு வழிகளில் இல்லாமல் போயின. இன்னொரு பகுதி தெருவுக்கு வந்தது. அதே 2019 கணக்கெடுப்பு இந்தியத் தெருக்களில் சுமார் 50 இலட்சம் மாடுகளை எண்ணியது. இரவில் பயிரைக் காக்கத் தூக்கம் விழித்தவர்கள் ஏழை விவசாயிகள்தான்.

பூண்டுலோயாவில் தடையின் விளைவு இதைவிடச் சுருக்கமாக இருக்கும். வாங்க ஆள் இல்லாத காளைக்கன்றை ஒரு குடும்பம் எத்தனை நாள் வைத்திருக்கும்? வியாபாரி வருவது நின்றுவிடாது, இரவில் வருவார். விலை குறையும். பிடிபட்டால் விற்ற தோட்டத் தொழிலாளியும் வாங்கிய முஸ்லிம் வியாபாரியும் நீதிமன்றத்துக்குப் போவார்கள். இந்த இருவரையும் இன்று இணைத்து வைத்திருப்பது இந்தச் சிறிய வியாபாரம். அதையும் குற்றமாக்கினால் மிஞ்சுவது சந்தேகம்தான்.

இந்த நாட்டில் மாட்டின் பெயரால் நடந்த அரசியலின் வரலாறு எமக்குத் தெரியும். 2013 வெசாக் நாளில் கண்டி தலதா மாளிகைக்கு அருகில் போவத்தே இந்திரரத்ன தேரர் மாடறுப்புக்கு எதிராகத் தீக்குளித்து உயிரிழந்தார். முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரம் உச்சத்தில் இருந்த காலம் அது. 2018 இல் சாவகச்சேரியில் மாட்டிறைச்சிக் கடைகளுக்கு எதிராக நடந்த போராட்டத்தில் அதே குரல் தமிழில் ஒலித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதன் சுமையை இன்னும் இறக்கி வைக்காத சமூகம் நாம். அந்தக் குரலை எமது குரலாக எடுத்துக்கொள்வதற்கு முன்பு ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

காணியில் முடியும் கேள்வி

1977 கலவரத்துக்குப் பிறகு எனது உறவினர்களில் ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனது. அந்த வருடங்களில் ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் அப்படிப் போயின. காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியேற்ற உழைத்தது. லயனில் ஒரு பசுவைக் கயிற்றில் கட்டி வளர்த்தவர்கள், வன்னியில்தான் முதன்முதலாகக் காலையில் மாட்டை அவிழ்த்துவிட்டு மாலையில் பட்டிக்கு ஓட்டி வந்தார்கள். அங்கு நாம்பன் கன்று யாருக்கும் சுமையாகவில்லை. நிலம் மேய்த்தது. உழவுக்கும் வண்டிக்கும் நலமடித்து எருதாக்கினார்கள். உழவுக்கு ட்ரக்டர் வந்த பிறகு இறைச்சிக்கு விற்றார்கள். எப்படியானாலும் கன்று வளர்ந்து பெரிதாகும் வரை நிற்க இடம் இருந்தது.

பிறகு நடந்ததை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008 இலும் 2009 இலும் பட்டிகளைத் திறந்துவிட்டு வந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். திரும்பிப் போனபோது, குறி சுட்ட அடையாளத்தைத் தேடிக் காடு காடாக அலைந்ததையும் அறிவீர்கள். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையைக் கேட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15 முதல் சித்தாண்டியில் போராடினார்கள். மேய்ச்சல் தரையில் அத்துமீறிப் பயிர் செய்பவர்களால் மாடுகள் கொல்லப்படுவதாக அவர்கள் முறையிட்டார்கள். பசுவைப் புனிதம் என்று சொல்லும் நாட்டில், பசு மேயும் நிலம் அப்படி மதிக்கப்படவில்லை.

மலையகத்தில் அந்த நிலம் முதலிலிருந்தே இல்லை. 2018 ஓகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. மகாத்மா காந்திபுரம் என்று பெயர். லயன் அறையிலிருந்து தனி வீட்டுக்கு மாறியது பெரிய விடயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டுக்கான காணி 7 பேர்ச்சஸ். சதுர அடியில் ஏறத்தாழ 1,900. அதில் வீடு 550 சதுர அடி. மிச்சத்தில் நடைபாதை, கழிவுக்குழி, துணி காயப்போடும் இடம், நான்கு கீரைப் பாத்தி. பசு ஒன்றையே நெருக்கித்தான் கட்ட வேண்டும். காளைக்கன்றை இரண்டு வருடம் எங்கே நிறுத்துவது?

200 வருடத்துக்கு மேலாக இந்த மலைகளில் உழைத்த மக்களிடம் மேய்ச்சலுக்கு ஒரு துண்டு நிலம் இல்லை. தோட்டங்களில் தேயிலை கைவிடப்பட்டுக் காடாகிய பகுதிகள் இருக்கின்றன. அங்கே கொட்டகை போடவும் புல் நடவும் துரையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அது எழுத்தில் இருக்காது. துரை மாறினால் கொட்டகையும் போகும். இந்த நிலையில், இரண்டு வருடம் கழித்துப் பலன் தரும் எதையும் யாரும் தொடங்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை

ஆகவே மாடறுப்பைத் தடை செய்வதா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால் வேறு சில விடயங்கள் இருக்கின்றன. பாலினம் பிரித்த விந்தைச் சிறு பண்ணையாளருக்குக் கட்டுப்படியாகும் விலையில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மூலம் கொடுத்தால், பிறக்கும் கன்றுகளில் பத்துக்கு ஒன்பது கிடேரியாக இருக்கும். வேண்டாத காளைக்கன்று பிறக்காமல் இருப்பதே மிகச் சிறந்த இரக்கம்.

அதையும் மீறிப் பிறக்கும் காளைக்கன்றுகளைச் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடத்தில் வளர்க்கலாம். அதற்குக் கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் எழுத்திலான குத்தகை வேண்டும். தோட்டக் கூட்டுறவுச் சங்கங்களால் இதைச் செய்ய முடியும். அப்படி வளர்க்கும் இடங்களில், 3 மாதத்துக்குள், மரப்பூசியும் வலிநிவாரணியும் கொடுத்து, பயிற்சி பெற்றவரால் மட்டும் காயடிக்க வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். மேலதிகமாகத் தேவைப்படுவது இரண்டு ஊசியும் கால் மணித்தியாலமும்தான். கிழக்கிலும் வன்னியிலும் இன்றும் நலமடிக்கும் இடங்களுக்கும் இதே விதி வேண்டும். எமது மாடுகளுக்கு வலிக்காது என்று பழக்கத்தின் பெயரால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 2006 இலிருந்து கிடப்பில் இருக்கும் விலங்கு நலச் சட்டமூலத்தில் இதைச் சேர்க்கும்படி எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று பிரிந்து நிற்கும் தமிழ்ப் பிரதிநிதிகள் சேர்ந்து கேட்கக்கூடிய மிக எளிய விடயங்களில் இதுவும் ஒன்று.

இறைச்சிக்கு விற்பதற்காக வளர்ப்பதை எமது ஆட்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இப்போதும் இறைச்சிக்குத்தான் போகிறது, பேச்சில்தான் அதை மறைக்கிறோம் என்றேன். அரைவயிற்றோடு நின்று, ஒரு மாதத்தில் லொறியேறும் கன்றுக்குப் பதிலாக, இரண்டு வருடம் வயிறு நிறையத் தின்று, வலி குறைவாக வாழ்ந்து போகும் மாடு இருப்பது, மாட்டுக்கும் நல்லது, வளர்ப்பவருக்கும் நல்லது. சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டுச் சமையலறையில் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

அடுத்த தடை யோசனை எந்த அரசாங்கத்திலிருந்து வந்தாலும், எந்த மதத்தின் பெயரால் வந்தாலும், அதை எழுதுபவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பூண்டுலோயாவில் இன்று பிறக்கும் காளைக்கன்று நாளை எங்கே நிற்கும்? அதற்கு யார் பால் விடுவார்கள்? அந்த நிலம் யாருடையது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சட்டத்தால் எந்த மாட்டுக்கும் நன்மை வரப்போவதில்லை.